கைடு பாயும் காணாமல் போன ஆடும்

கேபிள்காரரே, கைடு பாயைத் திருடன் என்று ஊர் முழுக்கப் பரப்பியது நீங்கள்தான். ஆலங்காயம் சந்தையில் நீங்கள் சொன்னதை என் காதால் கேட்டேன்.

ஜவ்வாது மலைக்கு மேலேயும் கீழேயும் கைடு பாயைப் போல ஒரு கிறுக்கர் பிறந்ததில்லை. டிஷ் ரிப்பேர்க்காரர். என் உரக்கடைக்கு எதிர்க்கடை. மாதச் சந்தா இல்லாத டிஷ் வைத்த வீடுகளில் படம் தெரியும். அடுத்து என்ன நிகழ்ச்சி என்று பட்டனை அமுக்கினால் ‘தகவல் இல்லை’ என்று வரும். அந்த வரி அவருக்குப் பிடிக்கவில்லை. செல்போனில் பார்க்கிற மாதிரி தானே ஒரு நிகழ்ச்சி வழிகாட்டியைச் செய்து எல்லோருக்கும் இலவசமாக விட்டார். கைடு பாய் என்ற பேர் அப்படித்தான் வந்தது.

இலவசம் என்றாலே எனக்குச் சந்தேகம். ஓசிக் காலண்டர் கொடுத்தால்கூடப் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிறவன் நான். நேராகவே கேட்டேன்.

“இதுல உனக்கு இன்னா லாபம் பாய்?”

“லாபம் இன்னாண்ணா லாபம். சேனல் தேடித் தேடி ரிமோட் பட்டன் தேஞ்சு போவுது. பாவம், அத்தத் தூக்கினு மலையிலேர்ந்து எறங்கி வர்றாங்க.”

“வந்தா உனக்குத்தானே ரிப்பேர் வேலை?”

போனிலிருந்து தலையைத் தூக்கினார். “அட ஆமா,” என்றார். மறுபடி போனைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

இப்படிப்பட்ட ஆளை எப்படி நம்புவது?

வழிகாட்டிக்கு ஒரே நிபந்தனை. வீட்டுக்கு ஒரு சேனல் எடுத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு என்ன என்று அதில் விளம்பரம் போடும்போது கவனித்து, வாட்ஸப்பில் பாய்க்கு எழுதிப் போட வேண்டும். வந்ததை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஏற்றிவிடுவார். “நாம திருத்துனா நாளைக்கு எழுத மாட்டாங்கண்ணா” என்பார்.

அதனால் வழிகாட்டி இப்படித்தான் இருந்தது. ஏழு மணி: அழுகை. ஏழரை: அதே அழுகை, வேற வூடு. ஞாயிறு சினிமா: ஹீரோ கடைசில செத்துடுவான், போய் சோறாக்குற வேலையைப் பாருங்க.

காவலூர் செல்வி அக்கா இன்னும் ஒரு படி மேலே போனார். எட்டு மணி: கரண்ட் போயிடும். பாய் அதையும் ஒரு நிகழ்ச்சியாகவே ஏற்றினார். மற்ற நிகழ்ச்சிகள் முன்னே பின்னே ஆகும். இது மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. மலையில் பாதிப் பேர் இதற்காகவே வழிகாட்டியைத் திறந்தார்கள்.

பழி போட உங்களுக்கு அந்தக் கரண்ட் வரியே போதுமானதாக இருந்தது, கேபிள்காரரே. உங்கள் வயரைக் கழற்றிப் போட்டுவிட்டு டிஷ்ஷுக்குப் போனவர்கள் மேல் உங்களுக்கு ஏற்கெனவே எரிச்சல். சந்தையில் நின்று சொன்னீர்கள்:

“எந்த ஊர்ல எப்ப இருட்டாவும், எவன் வூட்ல எத்தினி மணி வரிக்கும் டிவி ஓடும், அல்லாம் அந்தாளு கையில கீது. எதுக்குடா சும்மா குடுக்கறான்? யோசிங்க.”

அதே வாரம் செல்வி அக்காவின் ஆடு காணாமல் போனது. அதுவும் கரண்ட் இல்லாத நேரத்தில். ஊருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆடு தானாகவே திரும்பி வந்தது, யார் கொல்லையிலோ சாமைப் பயிரை மேய்ந்து கொழுத்துப்போய். எழுதிக்கொண்டிருந்தவர்கள் திரும்பி வரவில்லை. வீடு வீடாக நிறுத்தினார்கள். ஆடு கிடைத்த செல்வி அக்காவும் நிறுத்திவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அந்தாளு சட்டையைப் பிடிச்சுக் கேளு பாய்” என்றேன்.

“வேணாம்ண்ணா. ஜனங்களுக்கு ஏதோ பயம். நம்ம கையில ஒரு சேனல் கீதுல்ல, அத்த வுடாம பார்ப்போம்.”

இப்போது வழிகாட்டியைத் திறந்தால் வரிசையாகக் காலி. ஒரே ஒரு சேனலுக்கு மட்டும் நிகழ்ச்சிகள் இருக்கின்றன. மாடு, மழை, உரம் பற்றிச் சொல்கிற விவசாயச் சேனல். பாய்க்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ரிப்பேர் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, உட்கார்ந்து பார்த்து எழுதுகிறார்.

“இத்தனை சேனல் கீது, இதை ஏன் புடிச்சுக்கினு கீற? எவன் பார்க்கறான் இதை?” என்று கத்தினேன்.

“நீங்க பார்ப்பீங்களேண்ணா” என்றார்.

கேபிள்காரரே, யார் வீட்டில் எது திருடு போனது? எனக்குத் தனியாகப் போன் போட்டுச் சொல்ல வேண்டாம். அடுத்த சந்தையில், எல்லோரும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள். பாய் வரமாட்டேன் என்பார். கையைப் பிடித்து நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்.