ஆர்டிஸ் அம்மாவிடம் அனுமதி வாங்கிய விவரம்

ஹார்ட்விக், தென் டகோட்டா
அக்டோபர் 9

என் அன்புக்கும் சமீப காலமாக என் கோபத்துக்கும் பாத்திரமான மைத்துனர் ராய்ஸ் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் வெர்லின் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்காள் மார்லிஸும் நாய் டில்லியும் சௌக்கியம். சூ ஃபால்ஸ் நகரில் நீங்களும், உங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீஸும், அங்கே உங்களோடு வேலை பார்க்கும் அந்த மூன்று துப்பாக்கிக்கார நண்பர்களும் சௌக்கியமாக இருக்கவும், சௌக்கியமாக அங்கேயே இருந்துவிடவும் கர்த்தரை வேண்டுகிறேன்.

மரியாதை இத்துடன் போதும், மாப்பிள்ளை. இனிமேல் நீ, வா, போதான். பதினெட்டாம் தேதி ஃபெசன்ட் காட்டுக்கோழி வேட்டை சீசன் திறக்கிற அன்றைக்கு அந்த மூன்று பேரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு இங்கே வந்துவிடாதே. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் "இந்த வருஷம் மழை..." என்று ஆரம்பித்தாலே "அத்தான், விஷயத்துக்கு வாங்க" என்கிற ஆள் நீ. நேரே விஷயத்துக்கு வருவதுதான் உன் வியாதி, நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது. கடிதத்தை நீ அவசரப்படுத்த முடியாது, ஆகையால் உட்கார்ந்து முழுக்கப் படி.

ஆகஸ்டில் நீ ஆர்டிஸ் அம்மா வீட்டு வாசலில் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் காது சூடாகிறது. எழுபத்தொன்பது வயது, புருஷன் இல்லாத மனுஷி, அறுநூற்று நாற்பது ஏக்கருக்குச் சொந்தக்காரி, மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்த நேரம். நீ வண்டி எஞ்சினை அணைக்கவில்லை, கீழே இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கி, "நாங்க நாலு பேரு. ஓப்பனிங் அன்னிக்கு உங்க நிலத்துல வேட்டையாடலாமா?" என்று கேட்டாய். அதோடாவது விட்டாயா? ஆபீஸில் அச்சடித்த படிவம் ஒன்றை நீட்டி, "யாருக்காவது அடிபட்டா உங்க பொறுப்பு இல்லைன்னு இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்றாய். பக்கத்து சீட்டில் நான் கூனிக் குறுகிப் போனேன். அந்த அம்மா படிவத்தையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என் வீட்டுக்காரர் வில்மர் அம்பது வருஷம் கை குலுக்கியே எல்லாத்தையும் முடிச்சாரு தம்பி. ம்... பாக்கலாம்" என்றார். உடனே நீ என் தொடையில் ஓங்கித் தட்டி, "பாத்தீங்களா அத்தான், ரெண்டே நிமிஷம்!" என்று குதித்தாய். அட முட்டாளே, இந்தப் பக்கத்தில் "பார்க்கலாம்" என்று சொன்னவர்கள் எவராவது எதையாவது பார்த்ததாகச் சரித்திரம் உண்டா?

கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. எஞ்சினை அணைத்து, இறங்கி, மழையைப் பற்றி இருபது நிமிஷம், சோளத்தைப் பற்றி இருபது நிமிஷம், அவருடைய முழங்காலைப் பற்றி அவர் இஷ்டப்படுகிற வரைக்கும் பேசி, காபி வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லி மூன்றாம் தடவை குடித்து, விடைபெற்று, வண்டிக் கதவைத் திறந்த பிறகு, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி, "அப்புறம்... இந்த வருஷமும் நாயைக் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கம் ஒரு நடை நடந்துக்கலாமாம்மா?" என்று கேட்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக நான் அப்படித்தான் கேட்டேன். வேட்டை என்ற வார்த்தையை அந்த வீட்டில் நான் உச்சரித்ததே கிடையாது. பத்தொன்பது வருஷத்தை நீ இரண்டு நிமிஷத்தில் கவிழ்த்துவிட்டுப் போனாய். டில்லிக்கு இப்போது பதினொரு வயது, இடுப்பு தேய்ந்துவிட்டது, இந்த சீசனோடு ஓட்டத்தை நிறுத்துங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுடைய கடைசி ஓப்பனிங் அன்றைக்கு அவளை டிவிக்கு முன்னால் உட்கார வைத்து வேடிக்கை காட்டவா? எனக்கு அழுகையே வந்துவிட்டது, மாப்பிள்ளை, உன் அக்காளைக் கேட்டுப் பார்.

ஆகவே சமாதானத்துக்குக் கிளம்பினேன். வருஷா வருஷம் கொடுப்பது போல என் கையால் செய்த மான்கறி சாசேஜ் ஒன்றை எடுத்துப் போனேன். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, "நீயே கீழ நிலவறை ஃப்ரீசர்ல வச்சிரு வெர்லின்" என்றார். திறந்தேன். உள்ளே என் பத்தொன்பது வருஷத்துச் சாசேஜும், ஒவ்வொன்றின் மேலும் என் கையெழுத்தில் வருஷம் போட்டு, விறகு மாதிரி அடுக்கி இருந்தது. மேலே வந்து முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். "எனக்கு உப்பு ஆகாதுப்பா, டாக்டர் சொல்லிட்டாரு. நீ ஆசையா கொண்டாந்து குடுக்கற, வேண்டாம்னா உன் மனசு கஷ்டப்படும்" என்று என்னையே தேற்றினார். இருபதாவதையும் அடுக்கிவிட்டு வந்தேன்.

சரி, உழைப்பால் மனசைப் பிடிப்போம் என்று மறுநாள் விடியற்காலை போய், அவர் எழுவதற்கு முன்னாலேயே, பத்து வருஷமாகக் கீச்சுக் கீச்சென்று கத்துகிற அந்த வாசல் கேட்டுக்கு நல்ல எண்ணெயாகப் போட்டு, வெண்ணெயில் கத்தி இறங்குவது போலத் திறக்கும்படி செய்துவிட்டு வந்தேன். அந்த அம்மாவுக்குக் காது மந்தம், கேட் கத்துகிற சத்தம் ஒன்றுதான் அவருக்குக் காலிங் பெல் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அதற்கு அடுத்த நாள் பாராட்டு வாங்கலாம் என்று சிரித்த முகத்தோடு சமையலறைக்குள் போய் நிற்கிறேன், அவர் தலை முழுக்க முடி சுருட்டுகிற உருளைகளை மாட்டிக்கொண்டு, உள்பாவாடையோடு, ரேடியோவில் பன்றி விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். போட்டார் ஒரு கூச்சல். கையிலிருந்த காபிக் கோப்பை என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் உடைந்தது. எண்பதை நெருங்குகிற கைக்கு என்ன குறி, மாப்பிள்ளை! பிறகு நான் மூன்று நாள் உட்கார்ந்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, மணலைப் போட்டு, அந்தக் கேட்டைத் திரும்பக் கத்த வைத்தேன். பழைய சுருதி வரவில்லை என்று அவர் இன்னும் குறைப்பட்டுக்கொள்கிறார்.

அதற்கப்புறம் அவருடைய சர்ச் விருந்து. நான் கத்தோலிக்கன் என்பதைக்கூடப் பாராமல் லுத்தரன் சர்ச்சின் நிலவறையில் நாலு மணி நேரம் உருளைக்கிழங்கு உரித்தேன். சாப்பாட்டில் பீச் பழம் போட்ட கூகன் கேக் வைத்தார்கள். "அம்மா, உங்க கைப்பக்குவம் உங்களுக்குத்தான் வரும்! இந்த மாதிரி கூகனை நான் என் ஜன்மத்துல சாப்பிட்டதில்லை" என்று நாலு பேர் காதில் விழச் சொன்னேன். அது அவர் நாற்பது வருஷமாகப் பேசாத ஓரகத்தி லவான் செய்த கூகன். ஆர்டிஸ் அம்மா கொண்டுவந்த கொடிமுந்திரிக் கூகன் பக்கத்திலேயே தொடப்படாமல் இருந்தது. நான் அதில் ஒன்பது துண்டு தின்று பரிகாரம் தேடினேன், ராத்திரி பட்டபாட்டை எழுதினால் உன் அக்காள் திட்டுவாள்.

ஆனால் மாப்பிள்ளை, ஒன்பது துண்டுக்குப் பலன் இருந்தது! போன வாரம் அவரே காபிக்குக் கூப்பிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "அந்தக் குட்டை ஓரத்துல நாணலும் களையும் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கு பாரு, நாப்பது வருஷமா வில்மர்கிட்ட வெட்டச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது. மனுஷன் செய்யாமலே போய்ச் சேந்துட்டாரு. சாகறதுக்குள்ள இந்த ஜன்னல்லேர்ந்து ரோட்டைப் பாத்துட்டா போதும்" என்று பெருமூச்சு விட்டார். அவர் முடிக்கிறதுக்குள் நான் எழுந்துவிட்டேன். டிராக்டரும் வெட்டுகிற மிஷினும் இரவல் வாங்கி, குட்டை இந்த வருஷம் காய்ந்து கிடந்தது நல்லதாகப் போயிற்று என்று, இரண்டு நாளில் பன்னிரண்டு ஏக்கரையும் மழமழவென்று சிரைத்துவிட்டேன். உள்ளேயிருந்து கோழி எழும்பியது பார், அப்பப்பா! சேவல் மட்டும் முப்பத்தெட்டு எண்ணினேன். சிவப்பும் பச்சையுமாக, கொக்கரித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ரோட்டைத் தாண்டிப் பறந்தது. இந்த வருஷம் விளைச்சல் அமோகம் என்று டிராக்டர் மேல் உட்கார்ந்தபடியே கை தட்டினேன்.

ஆர்டிஸ் அம்மா ஜன்னலில் நின்று ரோட்டைப் பார்த்து அழுதுவிட்டார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இது உன் நிலம் மாதிரி, வெர்லின். உன்னைத் தவிர ஒருத்தன் கால் வைக்கக் கூடாது. அந்தப் படிவக்காரத் தம்பி வந்தா மட்டும், கோப்பை சுவத்துல போய் உடையாது, அவன் தலையிலதான் உடையும்" என்றார். பார்க்கலாம் என்று சொல்லவில்லை! வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன். டில்லியும் கூடவே ஊளையிட்டாள். ஆகவே நீ வேறு இடம் தேடிக்கொள், அல்லது வீட்டில் இருந்து ஃபுட்பால் பார். உறவு எப்படி வளர்ப்பது என்று இந்தக் கடிதத்தைப் படித்துக் கற்றுக்கொள்.

உன் பெண்டாட்டி டெப்ராவுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் படித்து முன்னுக்கு வரட்டும், உன் கொலஸ்ட்ரால் இறங்கட்டும், உனக்குப் பொறுமை என்கிற குணம் இந்த வயதிலாவது வாய்க்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அத்தான்,
வெர்லின் ஹூபர்

பின்குறிப்பு: உறை ஒட்டும் முன் கடிதத்தை உன் அக்காள் வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "ஏங்க, நாணலை எல்லாம் வெட்டிட்டீங்கன்னா கோழி எங்க ஒளியும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். உடனே டில்லியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆர்டிஸ் அம்மா நிலத்துக்குப் போனேன். அறுநூற்று நாற்பது ஏக்கரில் ஒரு இறகு இல்லை. டில்லி பத்து நிமிஷம் மோந்து பார்த்துவிட்டு, வண்டியில் ஏறி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். கொக்கரிப்பு முழுக்க ரோட்டுக்கு அந்தப் பக்கம், எதிர் நிலத்து விவசாயி மில்ட் பாயருடைய புதரில். நேரே அவரிடம் போய், எஞ்சினை அணைத்து, மழையில் ஆரம்பித்தேன். மூன்றாவது வாக்கியத்தில் அந்த மனுஷர், "என்ன வேணும்னு சொல்லுங்க, எனக்கு வேலை கெடக்கு" என்றார். சொன்னேன். "ஓப்பனிங்குக்கு ஆள் ஆயாச்சே. ஆகஸ்ட்லயே சூ ஃபால்ஸ்லேர்ந்து ராய்ஸ்னு ஒருத்தர் வந்தாரு, வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை, ரெண்டே நிமிஷம், கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு. அப்படில்ல இருக்கணும் மனுஷன்! நாலு துப்பாக்கி, அதுக்கு மேல விட மாட்டேன்" என்றார். அடப்பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. அவசியம் வா. உன் நண்பர்களில் யாருக்காவது அன்றைக்குக் காய்ச்சல் வந்தால் நான் தயார். காய்ச்சல் வராவிட்டாலும் பரவாயில்லை, டில்லியை மட்டுமாவது கூட்டிப் போ. அவள் என் விசிலுக்குத்தான் திரும்புவாள். ரோடு அரசாங்கத்துடையது, யாருடைய அனுமதியும் வேண்டாம். நான் அதில் நின்று விசில் ஊதுகிறேன்.