நத்தம் கருப்பணன் தன் மரணத்தைத் தானே அறிவித்த விவரம்

மதிப்பிற்குரிய மாமா இருதயநாதன் அவர்களுக்கு,

திண்டுக்கல்லிலிருந்து மருமகன் பிராங்கிளின் தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் உங்கள் மகள் ரூபியும் சுகம். அத்தையின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

கல்யாண வாழ்த்தில் மாமியார் குரலை மட்டும் சன்னமாக்கச் சொன்ன மணப்பெண்ணையும், தேர்தலில் தோற்ற பிறகு பிரச்சாரப் பாட்டில் கைதட்டல் சேர்க்கச் சொன்ன வேட்பாளரையும் சமாளித்தவன் நான். ஆனால் செவ்வாய்க்கிழமை என் ஒலிப்பதிவு ஸ்டூடியோவுக்கு வந்த நத்தம் கருப்பணன், மாந்தோப்புக்காரர், எழுபது வயது, மைக் முன்னால் உட்கார்ந்து, "நான் கருப்பணன் பேசுறேன். இன்னைக்குக் காலையில நான் இறந்துட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு என்னை எடுக்குறாங்க, எல்லாரும் வந்துருங்க" என்றதும் பதிவையே நிறுத்திவிட்டேன். "ஐயா, இதையெல்லாம் மகன்கள்தானே சொல்லணும்?" என்று கேட்டேன். "பெரியவனும் சின்னவனும் பேசி ஒம்பது வருசமாச்சு தம்பி. அவன் பேரை இவன் விட்ருவான், இவன் பேரை அவன் விட்ருவான். நானே சொல்லிட்டா சண்டை இல்லைல்ல. குரல் மட்டும் மேலருந்து வர்ற மாதிரி இருக்கட்டும், ஆனா நல்லா இருக்கேன்னும் தெரியணும்" என்றார். எதிரொலி சேர்த்துக் கொடுத்தேன். அவர் சொன்னபடி, நத்தத்தில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்புச் செய்யும் விக்னேஷ்குமாருக்கு அதை அனுப்பி, 'இப்போது வேண்டாம், பத்திரமாக வைத்திருக்கவும்' என்று கீழே எழுதினேன். அந்த மனிதர் குரலைக் கேட்டாராம், எழுத்தைப் படிக்கவில்லையாம்; உடனே ஆட்டோவை எடுத்து ஊரெல்லாம் ஓடவிட்டுவிட்டார்.

பதிவு முடிந்து நானும் கருப்பணனும் பிரியாணிக் கடையில் இலை முன் உட்கார்ந்திருக்கும்போது அவருக்குப் பெரிய மகனிடமிருந்து போன். "அப்பா போனை யாரு வச்சிருக்கது?" என்று ஒரே அழுகை. இவர் நிதானமாக, "நான் கருப்பணன் பேசுறேன்" என்றார். "ஏலே, இதுலயும் அந்த ரெக்கார்டுதான்டா ஓடுது" என்று யாரிடமோ கதறிவிட்டு வைத்துவிட்டான்.

பாதிச் சோற்றில் எழுந்து பஸ் பிடித்து நத்தம் போனோம். வீட்டு வாசலில் பந்தல் போட்டாயிற்று. அதன் கீழே அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தார்கள். அப்பாவைப் பார்த்ததும் கையையும் காலையும் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு அவர் விவரம் சொல்ல, இரண்டு பேருமாகப் பாய்ந்து என் சட்டையைப் பிடித்தார்கள். ஒன்பது வருஷத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். "ஐயா, சொல்லுங்கய்யா" என்று நான் கெஞ்சினேன். கருப்பணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செத்த நேரம் அப்பிடியே நில்லுங்க தம்பி. பிள்ளைக ஒண்ணா நிக்கிறதைப் பாத்துக்கிறேன்" என்றார்.

இரண்டு பித்தான்கள் போய்விட்டன. அதிர்ச்சி இன்னும் போகவில்லை. எனவே ஸ்டூடியோவை மூடிவிட்டு, நீங்கள் பேசிவைத்திருக்கும் பள்ளிக்கூட ஆபீஸ் வேலையில் திங்கட்கிழமை சேர முடிவு செய்துவிட்டேன். ரூபிக்கும் சம்மதம். உங்களுக்கும் அத்தைக்கும் ஆண்டவர் நல்ல சுகத்தையும், இதைப் படித்து முடிக்கும் பொறுமையையும் தருவாராக.

பணிவுள்ள மருமகன்,
பிராங்கிளின்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கருப்பணனின் மனைவி பழனியம்மாள் இரண்டு மகன்களையும் இரு பக்கம் வைத்துக்கொண்டு ஸ்டூடியோவில் வந்திறங்கினார். "அவரு பேசுனதுல எம் பேரே இல்லையாமே. அவருது ஓடி முடிஞ்சதும் பின்னாடியே எம் பதிலு ஓடணும். அம்புட்டையும் சொல்லப் போறேன்" என்கிறார். ஒன்றரை மணி நேரமாகப் பேசுகிறார், கதை இன்னும் கல்யாணத்துக்கே வந்து சேரவில்லை. திங்கட்கிழமை வர இயலாது மாமா. அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள்.