முத்துலட்சுமி மேடம் மெதுவாகப் பேசிய நாள்

காலை பத்து நாற்பது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த நிமிஷத்தில்தான் பிசியோதெரபிஸ்ட் முத்துலட்சுமி மேடம் என்னிடம் முதன்முறையாக மரியாதையாகப் பேசினார். என் உயிர் பாதி போனதும் அப்போதுதான்.

என் மகள் கயல் திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். வேலைக்குப் போகும் வழியில் ஸ்கூட்டர் சறுக்கித் தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்து அறுவைச் சிகிச்சை செய்த பிறகு, முழங்காலை மடக்கவும் நடக்கவும் மறுபடி பழக்குவதற்காகப் பாகூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் சேர்த்திருந்தோம். (எங்கள் பக்கம் மறுவாழ்வு என்றால் குடியை நிறுத்த வைக்கும் இடம் என்றுதான் நினைப்பார்கள். நான் தினமும் அங்கே போவதைக் கேள்விப்பட்டு, வில்லியனூர் கடைத்தெருவில் இரண்டு பேர் "நல்ல முடிவு சார்" என்று என் கையைக் குலுக்கினார்கள்.)

ஐந்து வாரமாக நான் அந்த வராந்தா பெஞ்சிலேயே கிடந்தேன். பயிற்சி அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. முதல் நாள் கயலின் முழங்காலை மடக்கும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள், நான் அலறிவிட்டேன். அன்றே முத்துலட்சுமி மேடம் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"இன்னா சார் நீங்க? வலி அதுக்கா உங்களுக்கா? போய் வெளிய குந்துங்க. நீங்க மூச்சு வுடறதே எனக்கு இடைஞ்சலா இருக்குது."

இப்படித்தான் பேசுவார். கயலையும் விடமாட்டார். "இன்னாடி, காலைத் தூக்கச் சொன்னா கண்ணைத் தூக்கற? மடக்கு, இன்னும் மடக்கு!" என்று அவர் உள்ளே போடும் சத்தம் வாசல் வேப்பமரம் வரை கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும் வரை எனக்குப் பயமில்லை. திட்டுகிறார்கள் என்றால் தேறிவிடும் என்று அர்த்தம். மருத்துவமனைகளில் வளர்ந்த நம்பிக்கை இது. என் தந்தைக்கு ஒருமுறை டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தோளில் கை வைத்துப் பேசினார். அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுத வேண்டாம்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் முத்துலட்சுமி மேடம் கண்ணில் படவில்லை. திங்கள் காலை பத்து நாற்பதுக்குக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். வந்தவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து என் எதிரே போட்டார். உட்கார்ந்தார். என் கண்ணை நேராகப் பார்த்தார்.

"ஐயா, தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களா?"

ஐந்து வாரமாக 'சார்' ஆக இருந்தவன் திடீரென்று 'ஐயா' ஆனேன்.

"வேணாம் மேடம். இன்னா விஷயம்?"

"கயல் பத்திக் கொஞ்சம் பேசணும். அதுக்கு முன்னாடி, நீங்க எப்படி இருக்கீங்க?"

சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். நிறுத்தினார் என்றால் முழுசாக நிறுத்தினார். முகத்தில் ஒரு கனிவு. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மௌனத்தில் நான் பார்க்காத துக்கமே இல்லை.

"மேடம், அவ நடப்பா இல்ல?"

"பொண்ணு நடக்காம போயிடுவாளோன்னு உங்களுக்கு பயமா இருக்குது."

நான் கேள்வியாகக் கேட்டதை அவர் பதிலாகவே சொல்லிவிட்டார்!

"நடப்பான்னு சொல்லுங்க மேடம்."

"எதையும் இப்பவே உறுதியா சொல்ல முடியாதுங்க ஐயா. ஆனா நாங்க உங்ககூட இருக்கோம்." மறுபடி அந்த மௌனம். பிறகு மெல்ல எழுந்தார். "இப்ப கயல உள்ள கூட்டிட்டுப் போறேன். ஒரு மணி நேரம் ஆவும். நீங்க தைரியமா இருங்க."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இருந்து ஒரு அதட்டல்கூட வரவில்லை.

வார்டு உதவியாளர் கலியபெருமாள் அந்தப் பக்கம் வந்தார். செருப்போடு யாராவது உள்ளே போனால், "யோவ், வூட்லயும் இப்படித்தானா?" என்று கூரை அதிரக் கேட்பவர். அவரை மறித்து, கயலுக்கு என்ன என்று கேட்டேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அத நான் சொல்லக் கூடாதுங்க ஐயா. சொல்ல வேண்டியவங்க சொல்லுவாங்க. நீங்க பாத்து, மெதுவா உக்காருங்க."

இதற்கு மேல் ஒரு தகப்பனுக்கு என்ன ஆதாரம் வேண்டும்? வில்லியனூரில் கடையில் இருந்த என் மனைவி சாந்திக்குப் போன் போட்டேன்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல."

"அப்புறம் ஏன் உங்க கொரலு இப்படிப் போவுது?"

"சாந்தி, அவங்க ரொம்ப நல்லா பேசறாங்க."

"நல்லாவா? யாரு, முத்துலட்சுமியா?"

"ஆமா. தண்ணி வேணுமான்னு கேட்டாங்க."

"ஐயோ, என் பொண்ணே!" என்று ஒரு சத்தம். போன் கட்டாகிவிட்டது. இருபத்து மூன்று வருட இல்லறத்தில் நாங்கள் இருவரும் ஒரு விஷயத்தை இவ்வளவு சீக்கிரம் ஒரே மாதிரி புரிந்துகொண்டது அன்றுதான்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். படித்தவன் இல்லையா, அடுத்து செய்ய வேண்டியதை யோசித்தேன். எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள். சக்கர நாற்காலி எப்படி ஏறும்? கொத்தனார் ஏழுமலையைக் கூப்பிட்டு, படியை இடித்துவிட்டுச் சரிவாகப் போட வேண்டும் என்றேன். குளியலறையில் ஒரு ஓட்டையை அடைக்க நான்கு மாதமாக "நாளைக்கு வர்றேன் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், அன்றைக்கென்று அரை மணி நேரத்தில் கடப்பாரையோடு போய் நின்றார். நான் பிறகு நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டபோது, "ரெண்டு படி எடுத்தாச்சி சார், மூணாவது தானா வுழுந்துடுச்சி" என்று பெருமையாகச் சொன்னார். (அந்தச் சரிவு இன்றும் இருக்கிறது. மழை நாளில் அதில் வழுக்காத விருந்தாளி இல்லை. நானே இரண்டு முறை.)

பன்னிரண்டு மணிக்கு ஒரு குட்டியானை வண்டி மருத்துவமனை வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து பதினோரு பேர் இறங்கினார்கள். சாந்தி, அவள் தம்பி, பண்டசோழநல்லூரிலிருந்து வழியில் ஏற்றிக்கொண்ட அவள் அக்கா, மற்றவர்கள் யார் யார் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மைத்துனர் யாரிடமோ இரவல் வாங்கிய ஒரு சக்கர நாற்காலியையும் இறக்கினார். அக்கா வராந்தாவில் கால் வைத்ததுமே தொடங்கிவிட்டார்.

"ஓடி ஆடின காலாச்சே! ஸ்கூட்டர்ல பறந்த பொண்ணாச்சே! இனிமே எந்தக் காலு வச்சி வூட்டுக்குள்ள வருவா!"

சாந்தி என் மார்பில் சாய்ந்தாள். நான் சுவரில் சாய்ந்தேன். மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள், யார் என்ன என்று கேட்காமலே கூடச் சேர்ந்து அழுதார்கள்.

பயிற்சி அறைக் கதவு படார் என்று திறந்தது. முத்துலட்சுமி மேடம்.

"இன்னா சார் இது? ஆஸ்பத்திரியா, எழவு வூடா? யாரு இவ்ளோ பேரை உள்ள வுட்டது? இந்த நாற்காலிய எவன் வழியில வச்சான்?"

அந்தக் குரல்! போன பாதி உயிர் ஓடி வந்து ஒட்டிக்கொண்டது. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

"மேடம், திட்டுங்க மேடம். இன்னும் திட்டுங்க."

அவருக்குப் புரியவில்லை. நான் காலையில் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. தலையில் கை வைத்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு நாளு எங்க எல்லாருக்கும் ட்ரெயினிங் சார். நோயாளிகிட்டயும் சொந்தக்காரங்ககிட்டயும் எப்படிப் பேசணும்னு. உக்காந்து பேசணும், கண்ணப் பாத்துப் பேசணும், அவங்க சொன்னதத் திருப்பிச் சொல்லணும், நடுவுல டைம் குடுக்கணும், பொய்யா எந்த உறுதியும் குடுக்கக் கூடாதுன்னாங்க. நம்ம சார்தான் ரொம்ப பயப்படறாரே, மொதல்ல அவருகிட்டயே பேசிப் பாப்போம்னு வந்தேன். வாக்கரை எடுத்துட்டுக் கைத்தடி குடுக்கலாம்னு சொல்லத்தான் வந்தேன் சார்! உங்க மூஞ்சப் பாத்ததும் அது மறந்தே போச்சி."

(பயிற்சி கொடுத்தவர்கள் இப்போது ஒவ்வொரு புது வகுப்பிலும் இந்தக் கதையைச் சொல்கிறார்களாம். நாற்காலியை இழுத்துப் போடுவதற்கு முன்னால், நல்ல சேதி என்றால் அதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று. என் பெயரைச் சொல்வதில்லை என்று மேடம் சத்தியம் செய்திருக்கிறார்.)

வீட்டில் யாருக்கும் அந்த நாகரிகம் இல்லை. இன்றைக்கும் நான் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "சாந்தி, ஒரு விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்தால் போதும், "இருங்க, வண்டிக்கு சொல்லிடறேன்" என்பாள். சிரிக்கிறேன். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், இன்னமும் யாராவது என்னிடம் அன்பாகத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது.

அன்று கடைசியாக வந்தவள் கயல். மேடம் விட்டுவிட்டு வந்த கதவு திறந்தே கிடந்தது. அதன் வழியாகத் தானே வந்தாள். வாக்கர் இல்லை. வலது கையில் ஒரு தடி, இடது கை காற்றில். ஒரு அடி வைப்பாள், நிற்பாள், உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த அடி. ஒப்பாரி வைத்த பெரியம்மா திறந்த வாயை மூடவில்லை. பத்து அடி தூரம்தான். எனக்கு அது பாகூருக்கும் வில்லியனூருக்கும் உள்ள தூரமாக இருந்தது. ஓடிப்போய்ப் பிடிக்கப் போன என் சட்டையை மேடம் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

என் எதிரே வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. அழுத முகங்களைப் பார்த்தாள், மாமா பிடித்துக்கொண்டிருந்த சக்கர நாற்காலியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"காலுதான்பா ஒடஞ்சிது, வாயி நல்லாத்தான இருக்குது? என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டா இன்னா?"