மொட்டைமாடியில் நான் கட்டிய குளம்

டெல்லியில் மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு மே மாதம் வந்தால் புத்தி கொஞ்சம் பேதலிக்கும். சிலர் சிம்லாவுக்கு ஓடுவார்கள். சிலர் இன்னொரு ஏசி வாங்குவார்கள். நான் கூரைமேல் புல் வளர்த்தேன்.

மயூர் விஹாரில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில். அதற்குமேல் மொட்டைமாடி, அதற்குமேல் நேரே சூரியன்தான். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் இருட்டியபிறகு எங்கள் தலையில் கொட்டும். மின்விசிறியைப் போட்டால் ஹேர் டிரையருக்கு அடியில் படுத்த மாதிரி இருக்கும்.

அந்தச் சமயத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு கட்டடக்கலைப் பெண்மணி, பசுமைக் கூரையைப் பற்றிப் பேசினார். தளத்தின்மேல் மண்ணும் செடியும் இருந்தால் வெயில் கான்கிரீட்டைத் தொடாது, வீடு குளிரும், மழைத்தண்ணீரும் ஒரேயடியாகத் தெருவுக்குப் பாயாமல் மண்ணில் தங்கி மெல்ல வடியும் என்றார். மற்றவர்கள் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நான் புல் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கப் போனேன்.

இன்ஜினியரைக் கூட்டிவந்து, தளம் அவ்வளவு பாரம் தாங்குமா என்று பார்க்கச் சொன்னேன். தாங்கும் என்றார். தண்ணீர் கசியாமலிருக்கப் பூச்சு, அதன்மேல் வேர் இறங்காத விரிப்பு, அதன்மேல் தேங்காய் நார்த்தூள் கலந்த லேசான மண், கடைசியாகப் புல். எல்லாம் முறைப்படி நடந்தது. (முறைப்படி நடக்காத ஒன்று பின்னால் வருகிறது.)

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற கர்னல். தரைத்தளத்தில் இருந்தார். சிரித்து நான் பார்த்ததில்லை. கமிட்டிக் கூட்டத்தில் என்னை நிற்கவைத்து, உங்கள் சீலிங்கில் ஒரு சொட்டு ஒழுகினாலும் ஒரு புல் விடாமல் கீழே இறக்கவேண்டும் என்றார்.

"ஏக் பூந்த் பீ நஹீ ஆயேகா", ஒரு சொட்டுகூட வராது என்று ஹிந்தியில் மார்தட்டினேன்.

"ஆயேகி, அம்மா" என்று பக்கத்திலிருந்து திருத்தினாள் என் பெண் நிலா. (டெல்லியில் பிறந்தவள். ஹிந்தியில் சொட்டு ஆணா பெண்ணா என்று அவளுக்குத் தெரியும். இருபது வருஷம் இங்கே குப்பை கொட்டியும் எனக்குத் தெரியாது.)

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கமிட்டி வந்து பார்வையிடுவதாக ஏற்பாடு. நான் அதைத் திறப்புவிழாவாகவே நடத்தினேன். காஞ்சிபுரம் பட்டு கட்டிக்கொண்டேன். சமோசா வாங்கினேன். போட்டோவில் எல்லாம் பச்சையாக விழவேண்டும் என்று பார்த்தால், மூலையில் தண்ணீர் வடியும் துவாரம் மட்டும் கறுப்பாக அசிங்கமாகத் தெரிந்தது. நிலாவின் பழைய கார்ட்டூன் பெட்ஷீட்டை நாலாக மடித்து அதன்மேல் போட்டு, மண்ணைப் பரப்பி, புல்லையும் ஒட்டிவிட்டேன். என் அழகுணர்ச்சியை நானே மெச்சிக்கொண்டேன்.

கமிட்டியார் புல்லில் கால் வைத்ததும் மேகம் கறுத்தது. அடுத்து, வானம் கிழிந்த மாதிரி மழை. எல்லோரும் ஓடிப்போய் மாடிப்படி வாசலில் ஒண்டிக்கொண்டார்கள். எங்கள் கண்ணெதிரே தண்ணீர் ஏறியது. கைப்பிடிச்சுவருக்குள் பழுப்பு நிறத்தில் ஒரு குளம். அதில் சமோசாத் தட்டு ஒன்று மிதந்து போனது.

என் கணவர் சுந்தர் சத்தமே இல்லாமல் என் காதருகே கேட்டார்.

"ஜெயா, தண்ணி போற ஓட்டை எங்க?"

பட்டுப்புடவையோடு குளத்தில் இறங்கினேன். மூலையில் கைவிட்டுத் துழாவி, பெட்ஷீட்டின் நுனியைப் பிடித்து இழுத்தேன். அது வரவில்லை. காலை ஊன்றி இன்னொரு தரம் இழுத்தேன். வந்தது. நான் சேற்றில் உட்கார்ந்தேன். கையில் கார்ட்டூன் வாத்து சிரித்துக்கொண்டிருந்தது. குளம் முழுவதும் பெரும் இரைச்சலோடு குழாய்க்குள் பாய்ந்தது. பழைய குழாய் அந்த வேகத்தைத் தாங்குமா? முதல் மாடி உயரத்தில் இணைப்பு விட்டுக்கொண்டு, மொத்தச் சேறும் கீழே நின்ற ஒரு வெள்ளைக் கார்மேல் கொட்டியது.

கர்னலுடைய கார்.

அவர் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கீழே போய் சீலிங்கைப் பார்க்கலாம் என்றார், அவ்வளவுதான்.

அறை அறையாக மொபைல் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பின்னால் கமிட்டி, அதற்குப் பின்னால் சேறு சொட்டச் சொட்ட நான். ஷூவைக் கழற்றிவிட்டு எங்கள் கட்டில்மேல் ஏறி, கூரையைக் கையால் தடவினார். புல்லை மறுபடி சுருட்டிப் படியிறக்கும் காட்சி கண்ணில் ஓடியது.

இறங்கிவந்து உள்ளங்கையைப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"பட்டாளத்தில் இப்படிப் பூச்சு பூசினால், மேலே தண்ணீர் கட்டி நிறுத்தி டெஸ்ட் பண்ணுவோம்" என்றார் ஹிந்தியில். "நீங்கள் அதைக் கமிட்டி முன்னாலேயே செய்துவிட்டீர்கள். பாஸ்."

கமிட்டி கைதட்டியது. தலையில் புல்லோடு நான் கும்பிட்டேன்.

மறுநாள் காலை நானும் சுந்தரும் கர்னலின் காரைக் கழுவினோம். (அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.) துவாரத்தைச் சுற்றி வலையும் கூழாங்கல்லும் போட்டு, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி விட்டேன். அடுத்த மே மாதம் கர்னல் எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்தார். ஏசி போடாமலே உட்கார்ந்திருக்க முடிந்தது. அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி, நம் பிளாக்கிலேயே இதுதான் குளிர்ந்த வீடு என்றார். இப்போது எங்கள் குடியிருப்பில் பாதிக் கூரைகள் பச்சை. புல் போடுமுன் ஒவ்வொரு தளத்திலும் தண்ணீர் கட்டிப் பார்க்கிறார்கள். கமிட்டியில் அதற்குப் பெயர் 'ஜெயா டெஸ்ட்'.

வீட்டில் வேறு மாதிரி. யார் எதில் ஜெயித்து வந்தாலும் சுந்தர் கேட்கும் முதல் கேள்வி, "சேறோடவா, சேறில்லாமயா?" போன மாதம் நிலா தன் முதல் வேலைக்கான இன்டர்வியூ முடிந்து போன் பண்ணினாள். மேலதிகாரியின் லேப்டாப்மேல் காபியைக் கொட்டிவிட்டாளாம்.

"வேலை கிடைச்சிடுச்சும்மா" என்றாள். "ஃபுல் சேறு."