அக்குளில் நாலு டிகிரி

செகந்திராபாத்தில், ஏன், தக்காணப் பீடபூமியிலேயே, கைக்கு சாரைப் போல ஒரு சந்தேகப் பிராணி பிறந்ததில்லை. ‘கைக்கு’ என்றால் அந்த ஊர் உருதுவில் ‘ஏன்’. எதற்கெடுத்தாலும் அதைத்தான் கேட்பார். மூன்று தலைமுறையாகப் போலாரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். எங்கள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

லிஃப்டில் ‘3’ என்று விளக்கு எரிந்தாலும், தலையை நீட்டி மாடியைப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பார். கேன்டீன் கடிகாரத்தைத் தன் வாட்சோடும், தன் வாட்சை என் வாட்சோடும் ஒத்துப் பார்ப்பார். மூன்றும் ஒரே நேரம் காட்டிவிட்டால் போச்சு. “மூணும் சேந்து பொய் சொல்லுது பா!” என்பார். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று இருக்கும்.

நான் திருநெல்வேலிக்காரன். அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து இந்தக் கம்பெனியில் புரொபேஷனில் சேர்ந்திருந்தேன். பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியின் குளிர் அறைக்குள் சென்சார். அதிலிருந்து வெளியே கம்ப்யூட்டருக்கு சீரியல் ஒயர். பத்து விநாடிக்கு ஒரு தரம் நான் எழுதிய ஸ்கிரிப்ட் வெப்பநிலையைப் படித்துத் திரையில் காட்ட வேண்டும். டெமோ தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஊருக்கு ரயில்.

பாழாய்ப்போன ஒயர்! அவ்வப்போது எண் வராது. திரையில் சிவப்பாக ‘எர்ரர்’ வந்து மானத்தை வாங்கும். நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். எண் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே திரும்பக் காட்டும்படி ஒரு வரி எழுதிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

டெமோ அன்று காலையிலிருந்து 4.1. மருந்துக் கம்பெனிக்காரர்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள். எங்கள் மேனேஜர் எனக்குக் கை கொடுத்தார். கைக்கு சார் மட்டும் திரையை முறைத்துக்கொண்டு நின்றார்.

“ரெண்டு மணி நேரமா 4.1. கைக்கு?”

“குளிர் அறை அவ்வளவு நல்லா இருக்கு சார்.”

“நக்கோ, இல்ல பா. அவ்ளோ நல்லது உலகத்துல எதுவும் இல்ல.”

விறுவிறுவென்று குளிர் அறைக்குள் போனார். சட்டைப் பொத்தானைக் கழற்றினார். சென்சாரை இடது அக்குளில் செருகினார். வலது அக்குளில் தெர்மாமீட்டர். கண்ணாடிக் கதவு வழியாக எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம்.

இரண்டு நிமிடம் ஆயிற்று. திரையில் அதே 4.1.

பல் தந்தியடிக்க, தெர்மாமீட்டரைத் தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்து திரையைப் பார்த்தார். “இதுல நார்மல். அதுல நாலு டிகிரி. நான் செத்து ரெண்டு மணி நேரம் ஆச்சா? யாராச்சும் சொல்லுங்கப்பா!”

ஒயர் காலையிலேயே விட்டுப் போயிருக்கிறது; என் வரி பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மருந்தெல்லாம் வெந்து போயிருந்தாலும் திரை 4.1 என்றுதான் சொல்லியிருக்கும். ஒயர் மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம். என் வாய் கேட்கவில்லை.

“நான் எழுதின ஒரு வரி சார். தப்பு என்னோடது.”

மேனேஜருக்கு முகம் கடுகடுத்தது. இவனை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று என் எதிரிலேயே கைக்கு சாரைக் கேட்டார். அவர் திரையை முறைத்த மாதிரியே என்னையும் முறைத்தார். நான் மனதுக்குள் பெட்டி கட்டிவிட்டேன்.

“ஹவ், வெச்சுக்கலாம். நம்பலாம்.”

அவர் வாயில் அந்தச் சொல்லா! என்னால் தாங்க முடியவில்லை. “கைக்கு சார்?” என்று கேட்டுவிட்டேன்.

“நான் அக்குள்ல வெச்சதும் கண்ணாடி வழியா பாத்தேன். உன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. யாரும் கேக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லிட்ட. இன்னிக்கு இங்க ஒழுங்கா வேல செஞ்ச சென்சார் உன் மூஞ்சி ஒண்ணுதான் பா.”

மறுநாளிலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் அவர் இரண்டு தரம் படித்தார் என்பது வேறு விஷயம். இருந்தாலும், வாட்சைக்கூட நம்பாத அந்த மனுஷர் என்னை நம்பினார்.