கையை எடுங்க

நல்ல பெயர் வாங்கத் துடிக்கிறவனைப் புரொஜெக்டர் பக்கத்தில் விடக்கூடாது. பட்டுத் தெளிந்தவன் சொல்கிறேன்.

எனக்கும் சுமதிக்கும் கல்யாணப் பேச்சு முடிந்தும் முடியாமலும் இருந்த நேரம். நாங்கள் இந்தத் தீவுக்கு வந்து ஷாதிபூரில் குடியேறிய மதுரைக்காரர்கள். புரோத்ராபூரில் இருந்த அவர்கள், இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திரும்பி, இங்கே ரப்பர் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். சுமதியின் அம்மா சிறுபெண்ணாகக் கப்பலேறியபோது அவருடைய அண்ணன் மட்டும் அங்கேயே தங்கி, பிறகு வன்னிக்குப் போய்விட்டார். அவர் அனுப்பிய போட்டோக்கள் எல்லாவற்றிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டிருப்பார். போரின் கடைசி மாதங்களிலிருந்து தகவலே இல்லை.

ஒருநாள் அவர்களுக்கு உறவினர் ஒருவர் போன் செய்தார். போருக்கு நடுவே எடுத்த ஆவணப்படம் ஒன்றில், தண்ணீருக்கு நிற்கும் வரிசையில் அண்ணனைப் போல ஒருவர் தெரிகிறாராம். "படத்தை நான் வரவழைக்கிறேன்" என்று மார்தட்டினேன். (எங்கள் இன்டர்நெட்டில் டவுன்லோட் செய்திருந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.) மெயின்லேண்டிலிருந்து கப்பலில் பென்டிரைவ் வந்தது.

வீட்டிலேயே லேப்டாப்பில் காட்டியிருக்கலாம். மாப்பிள்ளை மிடுக்குக்கு அது போதுமா? சமூகக்கூடம், வாடகைப் புரொஜெக்டர், மைக், தெரு முழுக்க அழைப்பு, சமோசா. ஆமாம், போர்ப்படத்துக்குச் சமோசா.

படத்தில் குண்டு விழுந்த ஆஸ்பத்திரி வந்தது. எங்கள் வீட்டு டிவியில் ஏடாகூடமான காட்சி வந்தால் அப்பா எழுந்துபோய்க் கையால் மறைப்பார். அந்தப் பரம்பரைப் புத்தி எனக்கும் வேலை செய்தது. புரொஜெக்டர் வெளிச்சத்தில் கையை நீட்டினேன். என் ஐந்து விரல்களும் கூரை உயரத்துக்குத் திரையில் எழுந்தன. இடுக்குகளில் ரத்தம் தெரிந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அரே பாய், ஹாத் ஹடாவ்! கைய எடுப்பா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

"பச்சே லோக் இருக்காங்க, சின்னப் பிள்ளைங்க!" என்று நானும் கத்தினேன்.

தண்ணீர் வரிசை வந்ததும் கையை எடுத்தேன். சுமதியின் அம்மா திரைக்குப் பக்கத்தில் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அண்ணன் இல்லை. நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, கைய வச்சு மறைச்சீங்களே, அதத் திருப்பிப் போடுங்க."

"வேணாம்மா. பாக்க முடியாது."

"கைய எடுத்துட்டுப் போடுங்க தம்பி."

போட்டேன். தரையில் கிடத்தப்பட்டிருந்தவர்களில் ஒருவரின் சட்டை முழுக்க ரத்தம். கழுத்துப் பொத்தான் மட்டும் அவிழவில்லை.

"எங்கண்ணந்தான்" என்றார். அழவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

யாராவது ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. என் கையில் மைக் இருந்தது. மனப்பாடம் செய்து வைத்திருந்த முடிவுரை தானாக வந்தது: "அனைவரும் சமோசா சாப்பிட்டுவிட்டுத்தான் செல்லவேண்டும்."



அப்படியும் பெண் கொடுத்தார்கள். இன்றைக்கும் நான் டிவிக்கு முன்னால் குறுக்கே போனால் மச்சினன், "மாமா, கைய எடுங்க!" என்பான். வீடே சிரிக்கும். ஏனென்று தெரியாமலேயே என் மகளும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

செய்தியில் ஏதோ ஒரு நாட்டின் போரைக் காட்டும்போது மட்டும் அத்தை என் பக்கம் திரும்புவார்.

"இப்ப வைங்க மாப்ள."

நான் எழுந்துபோய்த் திரையில் கையை வைக்கிறேன்.