மாப்பிள்ளை ஏற்றிவிட்டுப் போன பென்குவின்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் ஆசிகளுடன் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். கம்ப்யூட்டர் நலமில்லை. அங்கே நீங்களும் என் மகளும், பிறந்து இத்தனை நாளாகியும் நாங்கள் முகம் பார்க்காத எங்கள் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர எங்களுக்கு வேறு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?

மாப்பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் மரியாதை குறையக் கூடாது என்று உங்கள் அத்தை பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். குறையவில்லை. மரியாதையாகவே கேட்கிறேன். போன தடவை வந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் யாரைக் கேட்டுப் பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு அந்த லினக்ஸை ஏற்றினீர்கள்? "வைரஸே வராது மாமா" என்றீர்கள். வாஸ்தவம். வைரஸ் வரவில்லை. எதுவுமே வரவில்லை. வைரஸ் வருவதற்கும் இன்டர்நெட் வேண்டும் அல்லவா? திரையில் லினக்ஸின் சின்னமாம், ஒரு பென்குவின் மட்டும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, பந்தியில் முதல் வரிசையில் இடம் பிடித்தவர் மாதிரி.

பேத்தியின் போட்டோவை ஈமெயிலில் அனுப்பிவிட்டதாகப் போனில் சொன்னீர்கள். தபாலில் ஒன்று போடுங்கள் என்றேன். "அதான் மெயில்ல இருக்கே மாமா" என்று சிரித்தீர்கள். அதே படம் உங்கள் அப்பாவுக்கும் போயிருக்கிறது. அவர் வீட்டில் பென்குவின் இல்லை. ஆகவே அன்றைக்கே பார்த்துவிட்டு, அந்த நிமிடமே எனக்குப் போன் போட்டுவிட்டார். "என்ன சம்பந்தி, இன்னும் பாக்கலையா? மூக்கு அப்படியே எங்க மூக்கு! அச்சு அசல்!" உங்கள் அப்பாவின் மூக்கைப் பற்றி எனக்குக் கருத்து எதுவும் கிடையாது. நல்ல மனிதர். அந்த மூக்குக்கு அவர் என்ன செய்வார், பாவம். ஆனால் பார்க்காத குழந்தைக்காக நான் எப்படி வாதாடுவது? "அப்படிங்களா, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அத்தையோ அழுதேவிட்டாள். முட்டிவலி மட்டும் இல்லையென்றால் நடந்தாவது வந்திருப்பாளாம்.

சரி, ஆயுள் முழுக்க நகராட்சியில் குடிநீர்க் குழாய் பார்த்தவன், இது என்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன். டயல் செய்யச் சொன்னால், போன் லைனில் இன்டர்நெட்டைக் கொண்டுவரும் மோடமே இல்லை என்றது. எப்படி இல்லாமல் போகும், நீங்கள் வந்துபோகும்வரை கத்திக்கொண்டிருந்ததே என்று கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்து மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில், "சார், உள்ள இருக்கிற மோடத்துக்கு உங்க பென்குவினோட பேசத் தெரியாது. வெளியில வைக்கிற மோடம் வாங்கிக்குங்க" என்றார். வாங்கினேன். ஒரு பெட்டி, அதன் நெற்றியில் வரிசையாகச் சிவப்பு விளக்கு. மாட்டினேன். டயல் செய்யச் சொன்னேன். "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வந்தது. மாப்பிள்ளை, அது என் வீடு. என் மேஜை. என் மின்சாரம். நான் வாங்கிவந்த மோடம். எனக்கு அனுமதி இல்லையாம்! உங்களுக்குப் போன் செய்தால், "நீங்க சாதாரண யூசர்தான் மாமா, ரூட்டா உள்ள போனாதான் அதைத் தொடலாம்" என்கிறீர்கள். அந்த ரூட் யார் என்று கேட்டால், "நான்தான்" என்கிறீர்கள். பெண்ணையும் கொடுத்து, வீட்டில் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த ரூட்டின் பாஸ்வேர்டை உங்களிடம் வாங்குவதற்குள் எனக்கு இன்னொரு பிரச்சினை. வீட்டில் இருப்பது ஒரே போன் லைன். "டயல் பண்ணுங்க மாமா, என்ன வருதுன்னு எனக்குச் சொல்லுங்க" என்றீர்கள். டயல் செய்தால் உங்களோடு பேச முடியாது. உங்களோடு பேசினால் டயல் செய்ய முடியாது. இதை உங்களுக்குப் புரியவைக்கவே நான் தொண்டை வறளக் கத்த வேண்டியிருந்தது. கடைசியில் என்ன சொன்னீர்கள்? "எல்லாத்துக்கும் பதில் இன்டர்நெட்ல இருக்கு மாமா, தேடிப் பாருங்க." கிணற்றுக்குள் விழுந்தவனிடம், ஏணி மேலே இருக்கிறது, வந்து எடுத்துக்கொள் என்பது போல.

இனிமேல் எழுதப்போவதை நீங்கள் உட்கார்ந்துகொண்டு படிப்பது நல்லது. அனுமதி கிடைத்து, மோடம் டயல் செய்தது. மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். பெட்டி கீ... கிர்ர்... என்று அலறியது. பிறகு இணைப்பு இல்லை என்று திரையில் எழுதிவிட்டு, தானாகவே மறுபடி டயல் செய்தது. தோற்றால் விடாமல் முயற்சி செய்யும்படி அதற்கு நீங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களாம். காலையிலிருந்து டயல், அலறல், டயல், அலறல். பொறுக்க முடியாமல் அத்தை அதே லைனில் சமையலறையில் இருக்கிற இன்னொரு போனை எடுத்துக் காதில் வைத்தாள். அலறல் அடங்கினதும் அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் மிகப் பொறுமையாக, "புரியுதுங்க, வலி தாங்க முடியலைன்னு புரியுது. மேல் பல்லா, கீழ்ப் பல்லா? அதை மட்டும் சொல்லுங்க" என்கிறார்! நீங்கள் எழுதிவைத்துவிட்டுப் போன இன்டர்நெட் நம்பரில் கடைசி இரண்டு எண் இடம் மாறியிருக்கிறது, மாப்பிள்ளை. அது பல் டாக்டரின் ஆஸ்பத்திரி.

தவறான நம்பர் என்று சொல்லி வைத்துவிட வேண்டியதுதானே? உங்கள் அத்தை அப்படிச் செய்கிறவளா? எனக்கு ஒரு கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்ததும், நான் டாக்டரிடம் போகாமல் தட்டிக்கழித்துக்கொண்டிருந்ததும் அவளுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. "கீழ்ப் பல்லுதான் டாக்டர். அவரு இப்படித்தான் கத்துவாரு, நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. சாயந்திரம் அனுப்பிவைக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். போனேன். என்னைப் பார்த்ததும் டாக்டர் எழுந்து நின்று, "காலையிலேருந்து எத்தனை வேதனை உங்களுக்கு! எப்படித்தான் தாங்கினீங்களோ!" என்று தோளைத் தடவிக்கொடுத்தார். அது நானில்லை, என் மாப்பிள்ளை ஏற்றிவிட்டுப் போன லினக்ஸ் என்று விளக்க வாயைத் திறந்தேன். திறந்த வாயில் ஊசியைப் போட்டுவிட்டார். பேத்தியின் மூக்கைப் பார்க்கப் புறப்பட்டவன் பல்லைப் பறிகொடுத்துவிட்டு, கன்னத்தில் பஞ்சோடு வீட்டுக்கு வந்தேன்.

நம்பரைத் திருத்தினேன். இணைப்பு கிடைத்தது. ஆமாம், கிடைத்தது! விளக்கெல்லாம் எரிகிறது, பெட்டி சமர்த்தாக இருக்கிறது. ஆனால் எந்த இணையப் பக்கத்தைக் கேட்டாலும், அந்த முகவரி தெரியாது என்கிறது. மோட்டார் ஓடும், மீட்டர் சுற்றும், குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும் என்று ஜனங்கள் என்னிடம் வந்து சண்டை போட்ட காலத்தில் நான் சிரித்திருக்கிறேன். இப்போது என்னைப் பார்த்துப் பென்குவின் சிரிக்கிறது. இன்றுவரை இதுதான் நிலைமை. இதற்குமேல் என்னால் ஆகாது. கடைக்காரரும் கையை விரித்துவிட்டார்.

ஆகவே, ஏற்றிவைத்தவரே வந்து இறக்கிவைப்பதுதான் முறை. கடிதம் கண்டதும் லீவு போட்டுவிட்டுப் புறப்படவும். இது ஒரு நாளில் முடிகிற வேலையாகத் தெரியவில்லை. ஆகவே நீண்ட லீவாகப் போடவும். கைக்குழந்தையோடு மகளை அங்கே தனியாக விட்டுவிட்டு வருவது சரியாகாது என்பதால் இருவரையும் உடன் அழைத்துவரவும். உங்கள் வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால், உங்கள் லினக்ஸிடம் கோபித்துக்கொள்ளவும்.

மூவருக்கும் எங்கள் பரிபூரண ஆசிகள். உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். மூக்கு விஷயம் இன்னும் முடிவாகவில்லை என்பதையும் சொல்லவும்.

இப்படிக்கு,
கடைவாய்ப் பல் இல்லாத மாமனார்.

பி.கு.: மாப்பிள்ளை, இது அத்தை எழுதறேன். கவரை ஒட்டச் சொல்லி என் கையில குடுத்துட்டு மாமா வெளிய போயிருக்காரு. மேல எழுதியிருக்கிறதுல பல்லு போனது நிஜம். மத்தபடி, கனெக்சன் எப்பவோ வந்தாச்சு. ராத்திரி பகலா நோண்டி அவரே சரிபண்ணிட்டாரு. இப்ப இந்தத் தெருவுல யாருக்கு மோடம் தகராறு பண்ணாலும் மாமாவைத்தான் கூப்பிடறாங்க. போனவரு சும்மா வர்றதில்லை, அவங்க வீட்டுலயும் உங்க பென்குவினை ஏத்திவிட்டுட்டுத்தான் வர்றாரு. பாப்பா படத்தையும் பாத்தாச்சு. திரையில மேலேருந்து கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு. நெத்தி வந்துச்சு, கண்ணு வந்துச்சு, மூக்கு வந்துச்சு. மூக்கு உங்க அப்பா மூக்குதான், அதுல சந்தேகமே இல்லை. மாமாவைப் பாக்கணுமே. கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறதும் மாட்டுறதுமா இருந்தாரு. இப்ப காலையில எழுந்ததும் அந்தப் படத்து முன்னாடி போய் உக்காந்து, "என்னடா கண்ணு, எப்ப வர்ற?"ன்னு கேட்டுட்டிருக்காரு. போன்ல கேட்டா நீங்க அடுத்த மாசம், அடுத்த மாசம்கிறீங்க. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னா ஓடி வந்துடுவீங்கன்னு அவரு கணக்கு. இது நான் எழுதினதா அவருக்குத் தெரிய வேண்டாம். நீங்க வர்றதுக்கு அது கெட்டுத்தான் ஆகணும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, வயரை நானே கத்தரிச்சு வச்சிடறேன்.